அலகு மூடாத நாரை

அந்தக் காலத்தில் நாரையின் அலகு கத்தரிக்கோல் போல மூடும். நுனியிலிருந்து அடி வரைக்கும் ஒரு புல் நுழைய இடம் இருக்காது. நத்தைக்கோ அப்போது கதவு கிடையாது. ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினால் நீட்டினபடியே கிடக்கும், எந்நேரமும் எதையாவது பேசிக்கொண்டே இருக்கும். நாரையும் நத்தையும் மனிதர்களும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள்.

கடலோரத்து உப்பங்கழி ஒன்றில் ஐம்பது நாரைகள் கூட்டமாக வாழ்ந்தன. மூன்று வருடமாக அங்கே மழை இல்லை. கழி வற்றிச் சேறு வெடித்துவிட்டது. மீன்கள் மேலெல்லாம் உப்புப் பூத்துச் செத்துக் கிடந்தன. அந்த ஐப்பசியில் பத்தொன்பது பெண் நாரைகள் வயிற்றில் முட்டையோடு இருந்தன. கூடு கட்ட மரம் வேண்டும், குஞ்சு பொரித்தால் இரை வேண்டும். அங்கே இரண்டும் இல்லை.

நல்ல இடம் பார்த்து வருகிறேன் என்று முதலில் ஒரு கூழைக்கடாப் பறவை போயிற்று. திரும்பி வந்து, வடக்கே ஒரு பெரிய ஏரி அலையடிக்கிறது என்றது. தூரத்தில் பறந்தபடியே பார்த்துவிட்டு, இறங்கிக் காலை நனைக்காமல் வந்து சொன்ன சொல் அது. அதை நம்பிப் பத்து ஆண் நாரைகள் முன்னால் கிளம்பின. ஒன்று மட்டும் நாலாம் நாள் தள்ளாடித் திரும்பி வந்து, "அது ஏரி இல்ல, கானல்" என்று சொல்லிவிட்டு விழுந்தது. மற்ற ஒன்பதும் வரவே இல்லை. அந்த ஒன்பதில் ஒருவர் நம் கதை நாரையின் வீட்டுக்காரர். அதுவும் முட்டையோடு இருந்த பத்தொன்பதில் ஒன்று.

"பௌர்ணமி வரைக்கும் பார்ப்போம். அதுக்குப் பிறகு எல்லாரும் கடலைத் தாண்டித் தீவுக்குப் போயிருவோம்" என்றார் கூட்டத் தலைவர்.

"வயித்துல முட்டையோட கடலைத் தாண்ட முடியுமா பெரியவரே? நடுவுல இறங்கி நிக்க ஒரு கல்லு உண்டா?" என்று நம் நாரை கேட்டது.

"இங்கேயே இருந்தா மட்டும் பிழைச்சிருவோமா?"

"நான் மேற்க போய் ஒரு இடம் பாத்துட்டு வாரேன்."

தலைவர் அதை மேலும் கீழும் பார்த்தார். பிள்ளைத்தாய்ச்சியைத் தனியாக அனுப்பலாமா என்று யாராவது ஒரு சொல் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

"போ. ஆனா வாயால சொன்னாச் செல்லாது. தண்ணியில வாழுத ஒண்ணை உசுரோட கொண்டு வா. செத்த மீனை எந்தக் குட்டையிலயும் பொறுக்கலாம்."

பௌர்ணமிக்கு எட்டு நாள் இருந்தது. போக மூன்று நாள், வர மூன்று நாள், பார்க்க இரண்டு நாள். எட்டாம் நாள் பொழுது விழுவதற்குள் வராவிட்டால் கூட்டம் கடல்மேல் போய்விடும். நாரை இதை மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்பியது.

முதல் நாள் செம்மணல் தேரி. இரண்டாம் நாள் பனங்காடும் காய்ந்த ஓடையும். மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டு குன்றுகளுக்கு நடுவே நுழைந்தது. நுழைந்தவுடன் இறக்கை அடிக்க மறந்துபோய் ஒரு பனை உயரம் கீழே இறங்கிவிட்டது.

கீழே மஞ்சணத்தியாறு போய்க்கொண்டிருந்தது. மேற்கே மலை, மலையின் இடுப்பில் மேகம். அங்கிருந்து பாறை பாறையாகக் குதித்து வந்த தண்ணீர், சமதளத்துக்கு வந்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, இரண்டு கரையிலும் மருதமரங்களை நிறுத்தி வைத்து நிதானமாக நடந்தது. மரத்து வேர்கள் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. வேர்களுக்குள்ளே மீன்கள் புகுந்து புகுந்து வெளியே வந்தன. ஆற்றின் குறுக்கே சாய்வாக ஒரு பழைய கல் அணை. அணையிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல். நடவு முடிந்து எல்லாம் இளம்பச்சை. அந்தப் பச்சைக்குள்ளே மூன்று ஊர்கள்: மேலக்கால், பதினாறுகால், கொடிக்கால்குடி. கல் பாவிய தெருக்கள், நீரில் இறங்கும் படித்துறைகள், கோபுர உச்சியில் முளைத்த அரசங்கன்று. இவ்வளவையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து வைத்த மாதிரி இருந்தது.

நாரைக்குப் பயம் வந்தது. இதுவும் கானலாக இருந்துவிட்டால்?

படித்துறையில் இறங்கி ஒரு காலை நனைத்துப் பார்த்தது. ஜில்லென்றிருந்தது. அப்படியும் நம்பாமல் இன்னொரு காலையும் நனைத்தது.

அங்கே ஓடத்தைக் கட்டிக்கொண்டிருந்தான் மாசானம். மேலக்கால் ஊருக்கு அவன்தான் ஓடக்காரன்.

"கடலோரத்து ஆளா? கால்ல உப்புப் படிஞ்சிருக்கே" என்றான்.

"ஆமா அண்ணாச்சி. இது நெசமாவே ஆறுதானா?"

"பின்னே, எங்க மதினி வச்ச ரசமா?"

அவன் மதினி உலகம்மை பக்கத்துப் படியில் நடவுச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் அண்ணன் பெண்டாட்டி. ஆள் சிறியவள், குரல் பெரியது. அவள் நாரையை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏ கொழுந்தா, வாயும் வயிறுமா வந்து நிக்கா. அவளை நிக்க வச்சுக் கேலி பேசுதியே. ஏத்தா, சாப்பிட்டியா? கடைசியா எப்ப சாப்பிட்ட?"

"முந்தாநாத்து" என்றது நாரை.

அவ்வளவுதான். உலகம்மை தலையில் கையை வைத்துக்கொண்டாள். மாசானத்தை மறுபடியும் ஓடத்தில் ஏற்றி வலை போடச் சொன்னாள். கெண்டையும் கெளுத்தியுமாக ஒரு பெட்டி மீன் வந்தது. நாரை வயிறு நிறையத் தின்றது. மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் மாசானம் அதற்கு அணையைக் காட்டினான். "பாத்துக்கோ. ஒரு பிடி சுண்ணாம்பு கிடையாது. கல்லைக் கல்லு பிடிச்சிட்டு நிக்கி. நேரா வச்சிருந்தா வெள்ளம் பேத்துட்டுப் போயிருக்கும். சாய்ச்சு வச்சதுனால தண்ணி வந்து தடவிட்டுப் போகுது."

"இவன் கட்டின மாதிரில்லா சொல்லுதான்" என்றாள் உலகம்மை. "ஓடத்துல ஒரு ஓட்டையை அடைக்க ரெண்டு வருசமா நான் சொல்லிட்டிருக்கேன்."

"ஓட்டை இருந்தாத்தான் மதினி, ஏறுதவுக சுருக்கா இறங்குவாக."

நாரை அணைமேல் நடந்து பார்த்தது. ஒவ்வொரு கல்லின் இடுக்கிலும் மீன்குஞ்சு. கரையில் ஒவ்வொரு மருதமரமும் பத்துக் கூடு தாங்கும். வயல் வரப்புகள் பக்கமாக ஓர் இடம் பார்த்தது, ஆற்றுத் திட்டு பக்கமாக ஓர் இடம் பார்த்தது. எதைப் பார்த்தாலும் கூட இல்லாதவரின் ஞாபகம்தான் வந்தது. அவர் பார்த்திருந்தால் இந்த மரத்தைத்தான் பிடித்திருப்பார் என்று ஒரு மரத்தை மனதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் பதினாறுகால் ஊர். ஊர் நடுவே பதினாறு தூண் மண்டபம் ஒன்று இருந்தது. அதனால்தான் ஊருக்கு அந்தப் பெயர். ஒவ்வொரு தூணிலும் ஒரு யாளி, ஒவ்வொரு யாளியின் வாயிலும் ஒரு கல் உருண்டை. நாரை தன் அலகை விட்டு ஓர் உருண்டையைத் தள்ளிப் பார்த்தது. உள்ளே உருண்டது. வெளியே இழுத்துப் பார்த்தது. வரவில்லை.

"எப்படி உள்ள வச்சாக?"

"வைக்கலை" என்றான் மாசானம். "ஒரே கல்லு. வாயைக் குடையும்போதே உருண்டையை விட்டுட்டுக் குடைஞ்சிருக்காக. பல்லு அதுமேல படவும் இல்ல, அது கீழ விழவும் இல்ல. எத்தனை வருசமாவோ அப்படியே வச்சிட்டிருக்கு."

நாரை ரொம்ப நேரம் அந்த யாளியின் எதிரே நின்றது. ஆற்றங்காற்று மண்டபத்துக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. தூணுக்குத் தூண் வெயில் விழுந்திருந்தது. இவ்வளவு அழகான இடத்தில் மனிதர்கள் சும்மா வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் நாரை சொன்னது: "நாளைக்கு விடியக்காலம் நான் கிளம்பணும்."

"கிளம்புவா, கிளம்புவா" என்று உலகம்மை சிரித்தாள்.

அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம் அது. விருந்துக்கு வந்தவர்கள் 'கிளம்புகிறேன்' என்றால் மூன்று தடவை தடுப்பார்கள். வந்தவர்களும் மூன்று தடவை சொல்லிவிட்டுத் தங்கிவிடுவார்கள். உடனே விட்டுவிட்டால், எப்போது தொலைவாய் என்று காத்திருந்ததாக அர்த்தமாகிவிடும். அதனால் விருந்தாளி சொல்வதை யாரும் சொல்லாக எடுத்துக்கொள்வதில்லை. நீ எந்த நாளில் எங்கே இருக்கவேண்டும் என்று ஒருவர்கூட நாரையைக் கேட்கவில்லை.

ஆறாம் நாள் விடியும்போதே கொடிக்கால்குடிப் பெண்கள் வந்து நின்றார்கள். அகத்தி நிழலில் வெற்றிலைக் கொடி வளர்க்கிற ஊர். கையெல்லாம் வெற்றிலை வாசம்.

"ரெண்டு ஊருல சாப்பிட்டுட்டு எங்க ஊருல பச்சத்தண்ணி குடிக்காமப் போனா, எங்களை மதிக்கலைன்னுதான அர்த்தம்?"

"அப்படி இல்ல. எனக்கு நாள் இல்ல. அங்க எல்லாரும் காத்திட்டிருக்காக" என்றது நாரை.

"இப்படித்தான் போன வருசம் என் நாத்தனாரும் சொன்னா. பதினோரு நாள் இருந்துட்டுப் போனா."

இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கொடிக்காலுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. பச்சை பச்சையாக வெளிச்சம் விழுந்தது. ஒருத்தி இறால் கொண்டுவந்தாள், ஒருத்தி அயிரை கொண்டுவந்தாள். பிள்ளைத்தாய்ச்சி சும்மா போகக்கூடாது என்று அறுகம்புல்லைத் திரித்து அதன் காலில் வளையலாகக் கட்டினார்கள். ஒருத்தி கேட்டாள், "வீட்டுக்காரர் வரலையா?"

வளையல் போடுகிற இடத்தில் அந்தப் பேச்சை எடுத்தால் எல்லோர் முகமும் வாடிவிடும்.

"அவுக வடக்க போயிருக்காக" என்று மட்டும் சொன்னது.

இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கிளம்புகிறேன் என்று சொல்லிப் பார்த்தது. சிரித்தார்கள். வெயில் சாய்ந்துவிட்டது. ஒரு நாள் போயே போய்விட்டது. மூன்று நாள் வழியை இனி இரண்டு நாளில் பறக்கவேண்டும்.

மேலக்காலுக்குத் திரும்பி வந்தபோது உலகம்மை தன் வயலில் குனிந்து நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள். நட்ட பயிரில் பாதி, தண்டோடு அறுபட்டு மிதந்தது.

"பாரு இந்தப் பாவிகளை. நான் நட்டுட்டு வீட்டுக்குப் போகுமுன்ன பந்திக்கு உக்காந்துருதாவ" என்று புலம்பினாள்.

"நீங்க நட்டது எங்க வாய்க்கு நேரா இருக்கு. நாங்க என்ன செய்ய?" என்றது கூடைக்குள்ளிருந்த ஒரு பெரிய நத்தை.

நாரை கூடைக்குள் எட்டிப் பார்த்தது. தண்ணீரில் வாழ்வது, தண்ணீர் இல்லாமலும் இரண்டு நாள் உயிரைப் பிடித்து வைத்திருப்பது. "யக்கா, இதுல எனக்கு ஒண்ணு தருவியளா?"

"ஒண்ணு என்ன? கூடையோட கொண்டு போ."

"என்னைக் கேக்காம என்னைத் தூக்கிக் குடுக்கியளோ?" என்றது நத்தை. நாரை நடந்ததெல்லாம் சொன்னது. கழி, கானல், பத்தொன்பது வயிறு, பௌர்ணமி. நத்தை கொம்பை ஆட்டி ஆட்டிக் கேட்டது. கேட்டு முடித்து, "நான் இந்த வரப்பைத் தாண்டினதே இல்ல. இந்த ஆறு எங்க போகுதுன்னு பாக்கணும்னு எனக்கும் ஆசைதான்" என்றது. "ஆனா ரெண்டு வாக்கு வேணும். என்னை இதே வயல்ல கொண்டாந்து விடணும். அப்புறம், உங்க கூட்டம் இங்க வந்தா எங்க கூட்டத்து மேல வாய் வைக்கப்பிடாது."

"நாங்க மீன் திங்குதவுக. நத்தையை என்ன செய்யப் போறோம்? ரெண்டுக்கும் வாக்கு" என்றது நாரை. மனதறிந்து சொன்ன சொல்தான்.

உலகம்மைக்கு அப்போதுதான் உறைத்தது. "எட்டாம் நாளா? அப்ப இன்னைக்கு விடியலயே நீ போயிருக்கணுமே. ஏன்த்தா சொல்லல?"

"சொன்னேன்க்கா."



ஏழாம் நாள் கீழ்வானம் வெளுத்ததும் நாரை நத்தையை அலகில் எடுத்துக்கொண்டு பறந்தது. மூடினால் ஓடு நொறுங்கும். திறந்தால் நத்தை விழும். அந்த யாளியை நினைத்துக்கொண்டு, பல்லும் படாமல் பிடியும் விடாமல் அலகை வைத்துக்கொண்டது.

நத்தையோ ஒரு நொடி சும்மா இருக்கவில்லை. இரண்டு கண்ணையும் நீட்டி அலகுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டது.

"அடி ஆத்தே, இதுதான் நம்ம வயலா? ஒரு வெத்திலை அகலம்தான் இருக்கு! இதுக்கா அந்தப் பொம்பளை இவ்வளவு சத்தம் போடுதா? அந்தா அணை. மேல இருந்து பாத்தா ஆத்துக்கு ஒட்டியாணம் போட்ட மாதிரி இருக்கு. நாரையம்மா, நாரையம்மா, அந்த வளைவைப் பாரு. ஊரைச் சுத்திட்டுப் போகுது ஆறு, ஊருக்கு வலிக்கப்பிடாதுன்னு ஒதுங்கிப் போகுத மாதிரி. நான் இத்தனை நாளா இவ்வளவு நல்ல இடத்துலயா இருந்தேன்? ஒருத்தரும் சொல்லலையே."

நாரை பதில் பேசவில்லை. பேச முடியாது.

"கேக்கேன்லா? கோவமா?"

மற்ற நேரமாக இருந்தால், இருட்டியதும் எங்காவது இறங்கி நத்தையைக் கீழே வைத்துவிட்டு, இரை தின்று, வாயை ஆற்றிக்கொண்டு போயிருக்கும். போன ஒரு நாளை இப்போது எங்கே இருந்து எடுப்பது? இறங்காமல் பறந்தது. பசித்தது. தாடை விறைத்தது. காய்ந்த ஓடையில் ஒரு குழித் தண்ணீரில் நாலு மீன் துள்ளுவதைப் பார்த்தும் போய்க்கொண்டே இருந்தது.

எட்டாம் நாள் நடுப்பகலில் தேரிக்கு மேலே வந்தது. செம்மணல் அனல் கக்கியது. நத்தையின் பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. கண் இரண்டும் ஓட்டுக்குள் போய்விட்டன.

உயிர் இருக்கிறதா போய்விட்டதா? கேட்க முடியாது. அலகை ஒரு மயிரிழை இறுக்கினால் அசைவு தெரியும். தெரிந்தால் நிம்மதியாகப் பறக்கலாம். இறுக்கலாமா என்று நூறு தடவை நினைத்தது. தேரி முடிகிற வரைக்கும் நினைத்தது. நொறுங்கிவிட்டால் பத்தொன்பது வயிறும் போயிற்று. இறுக்கவில்லை.

கடல் தெரிந்தபோது சூரியன் விழுந்துகொண்டிருந்தது. நாரைகள் கரையில் வரிசையாக நின்றன. தலைவர் முன்னால் நின்று இறக்கையை விரித்துவிட்டார். நம் நாரை அவர் காலடியில் போய் விழுந்தது. நத்தை சேற்றில் உருண்டது. அசையவில்லை.

"வெறும் ஓடு" என்றார் தலைவர். "ஓட்டை எங்கேயும் பொறுக்கலாம்."

நாரை பேச வாயெடுத்தது. மேல் அலகும் கீழ் அலகும் கடகடவென்று அடித்துக்கொண்டன. பேச்சு வரவில்லை. மறுபடியும் கடகடகட. இரண்டு நாள் நத்தையைச் சுற்றி விறைத்துக் கிடந்த அலகு அந்த உருண்டைக்கு ஏற்றபடியே வளைந்துபோயிருந்தது. நுனி சேர்ந்தது, அடி சேர்ந்தது, நடு சேரவில்லை. நாரை சுற்றி நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தது. யாருக்கும் புரியவில்லை.

அப்போது ஓட்டுக்குள்ளிருந்து ஒரு கொம்பு வந்தது. இன்னொன்றும் வந்தது.

"யாராவது ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க" என்றது நத்தை. "இந்தம்மா ரெண்டு நாளா என்கூட ஒரு வார்த்தை பேசல. நான் எவ்வளவு நல்ல நல்ல விசயமாச் சொல்லிட்டு வந்தேன் தெரியுமா?"

பிறகு, யாரும் கேட்காமலே, ஆற்றையும் அணையையும் மருதமரங்களையும் தெருக்களையும் வயல்களையும் ஒன்று விடாமல் சொல்லியது. ஒரு நத்தைக்கு அவ்வளவு கற்பனை வராது என்று தலைவருக்கே தெரிந்தது. விரித்த இறக்கையை மடக்கினார். கூட்டம் கடலுக்கு முதுகைக் காட்டியது.

அவர்கள் நின்று நின்று, இரை தேடித் தின்று, நத்தையை நனைத்து, ஆறு நாளில் வந்து சேர்ந்தார்கள். பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு நாரையும் ஒரு பனை உயரம் கீழே இறங்கியது. நத்தையைத் தாங்கி வந்த நாரை முதலில் உலகம்மை வயலில் இறங்கி அதை அதே இடத்தில் விட்டது. ஒரு வாக்கு நிறைவேறியது.

உலகம்மை அதன் அலகைப் பார்த்தாள். ஓடிப் போய் மாசானத்தைக் கூட்டி வந்தாள். அவனும் பார்த்தான். அன்று அவன் கேலி ஒன்றும் பேசவில்லை.

"நாமதான் மதினி. ஒரு நாளைப் பிடிச்சு வச்சோம்லா" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் விருந்தாளிகளைத் தடுப்பது மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்ததாம். அதற்கு மேல் அவர்களால் குறைக்க முடியவில்லை.

மனதுக்குள் எடுத்து வைத்த மரத்திலேயே நாரை கூடு கட்டி மூன்று முட்டை இட்டது. மார்கழியில் மூன்றும் பொரிந்தன. கஷ்டம் அப்புறம்தான் தொடங்கியது. நாரையால் மீனைப் பிடிக்க முடியவில்லை. கொத்தும், மீன் அகப்படும், அலகின் நடுவில் இருக்கிற சந்து வழியாக வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆறு நிறைய மீன். கண்ணெதிரே மீன். தன் பசியைத் தவளையும் புழுவுமாகப் பொறுக்கி எப்படியோ ஓட்டிக்கொண்டது. குஞ்சுகளுக்கு அது போதவில்லை. மற்ற நாரைகள் முதலில் ஆளுக்கொரு மீன் கொண்டுவந்து போட்டன. அவற்றுக்கும் குஞ்சு பொரிந்ததும் அவரவர் பாடே பெரிதாகிவிட்டது. குறை சொல்ல முடியாது.

உலகம்மை ஒரு நாள் கூடை நிறைய நத்தையை மரத்தடியில் கொட்டினாள். "வாய் நத்தை அளவுல இருக்கு. இதைத் தின்னேன்த்தா."

நாரை தலையை ஆட்டியது. கடகடவென்றது.

"வாக்கா? பிள்ளைக கழுத்தைத் தூக்க முடியாமக் கெடக்குதுக. கடைக்குட்டிக்கு நேத்துல இருந்து சத்தமே இல்ல. நீ வாக்கைப் பாத்துட்டு இருக்கே. வாக்கு வந்து ஊட்டுமா?" கத்திவிட்டு அவளே அழுதாள். வயலுக்கு நல்லது என்று ஒரு பக்கம் நினைத்துத்தான் கொட்டினாள், அதுவும் அவளுக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் நாரை அந்த நத்தையைத் தேடிப் போனது. எதிரே நின்று தலையைக் குனிந்தது. பேச்சில்லை. அலகைத் திறந்து மூடிக் காட்டியது. நடுவில் அந்தச் சந்து. பிறகு மரத்தின் பக்கம் பார்த்தது.



"அன்னைக்கு உனக்கு ரெண்டு நாள் பசி" என்றது நத்தை. "ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா நான் போயிருப்பேன். தேரியில நான் சத்தமில்லாம இருந்தப்ப நீ நடுங்கினது எனக்குத் தெரிஞ்சுது. அமுக்கல. அமுக்காததுனால வந்த வாய் இது. இந்த வாய்க்கு வேற எது பொருந்தும்? எனக்குக் கோவம்தான், நாரையம்மா. எங்க பிள்ளைகளும் பிள்ளைகதான். அதனால சும்மா தூக்கித் தின்ன விடமாட்டேன். நாளைக்கு விடியுத வரைக்கும் பொறு. நாங்க கதவு போட்டுக்கிடுதோம். அதைத் திறக்கத் தெரிஞ்சா நீ தின்னு. தெரியலைன்னா எங்க பாடு. உன் வாக்கை நான் இன்னையோட திருப்பிக் குடுத்தாச்சு."

ஒரு நத்தை எவ்வளவு வேகத்தில் ஊருக்குச் செய்தி சொல்லும்? பக்கத்து நத்தைக்குச் சொல்லியது. அது அதன் பக்கத்து நத்தைக்கு. வரப்பு தாண்டி, வாய்க்கால் தாண்டி, மூன்று ஊர் வயலுக்கும் செய்தி ஊர்ந்து போனது. நாரை வரப்பிலேயே நின்று காத்திருந்தது. மரத்திலிருந்து குஞ்சுகளின் சத்தம் வந்தது, இரண்டின் சத்தம் மட்டும். நத்தை சொன்ன நேரத்துக்கு ஒரு நொடி முன்னால்கூட அது குனியவில்லை.

விடிந்தபோது வயலெங்கும் ஒவ்வொரு ஓட்டின் வாயிலும் கல் போல ஒரு மூடி. உள்ளே பேச்சில்லை. நாரை ஒன்றைக் கவ்வியது. சந்துக்குள் அது கச்சிதமாக உட்கார்ந்தது, நழுவவில்லை. மூடியைத் திறக்க வரவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. சூரியன் மருதமரத்துக்கு மேலே வந்த பிறகு, ஓட்டைச் சந்தில் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் நுனியை மூடியின் ஓரத்தில் கத்தி போல விட்டு, ஒரு திருகு திருகியது. கதவு திறந்தது.

கடைக்குட்டிக்குத்தான் முதலில் ஊட்டியது. அது விழுங்கியது. சற்று நேரம் கழித்து, இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தது.

உலகம்மை வயலில் அந்த வருடம் பயிர் நின்றது. நாரைகள் இறங்கினால் மூன்று ஊரிலும் ஒருவரும் கல்லெடுக்கக் கூடாது என்று மாசானம் ஓடத்தில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தான். அந்த நாரையின் மூன்று குஞ்சுகளும் நேரான அலகோடுதான் பிறந்திருந்தன. இறகு முளைக்க முளைக்க, தாய் ஊட்டிய நத்தையைத் தாங்களே கவ்வக் கவ்வ, அவற்றின் அலகும் நடுவில் விலகியது. அவற்றின் குஞ்சுகளுக்கும் அப்படியே.

நாரை இனத்தில் அந்த ஒரு வம்சத்துக்கு மட்டும் அலகு நடுவில் மூடாமல் போனதும், நத்தை வீட்டுக்குக் கதவு வந்ததும், அவை இரண்டும் அதற்குப் பிறகு பேசாமலே போனதும் அந்த மார்கழி விடியலிலிருந்துதான்.